சேலினி இட்ட இரண்டு ஆசனங்கள்

(தசலக்ஷண பருவத்தின் முதல் நாளில், உத்தம க்ஷமை குறித்து ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

பருவத்தின் முதல் நாள் உத்தம க்ஷமைக்கு உரியது. பொறை என்று தமிழில் வழங்கும் இவ்வறத்தைப் பற்றிப் பேசுவோர், பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் என்ற அளவில் பெரும்பாலும் நின்றுவிடுவர். தீங்கு நிகழ்ந்ததா என்பதையே அறியாமல், நிகழ்ந்ததென்று முடிவு செய்துகொண்டு, பின்னர் அதனைப் பொறுத்துக்கொண்டதாகப் பெருமிதம் கொள்வோரும் நம்மிடையே உண்டு. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புப் பெற்றவன் நிலை, தண்டனை பெற்றவன் நிலையினும் இரங்கத்தக்கது. மறுத்துப் பேசினால் நன்றி கெட்டவன் என்னும் பழியும் சேரும். ஆகவே பொறைக்கும் முன்னே நிற்கவேண்டியது ஒன்று உண்டு. முடிவு கட்டுமுன் வினவுதலும், வினவியபின் விடையைச் செவிகொடுத்துக் கேட்டலுமே அது. இன்றைய உரை அதனைப் பற்றியது.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை நம் குடும்பங்கள் தம் நூலாகவே போற்றி வருகின்றன. அதன் மதுரைக் காண்டத்தில் கொலைக்களக் காதையைப் பலமுறை படித்தவர்களும் ஒன்றைக் கவனியாது கடந்துவிடுவதுண்டு. கோவலன் உயிர் போகும் வரையில் அவனை நோக்கி எவரும் ஒரு வினாவும் எழுப்பவில்லை. 'நீ யார்? எவ்வூர்? இச்சிலம்பு உனக்கு எவ்வாறு வந்தது?' என்னும் மூன்று வினாக்கள், எந்தச் சந்தையிலும் எந்த வணிகனும் கேட்கக்கூடியவை. மதுரை மாநகரில் அன்று அவற்றைக் கேட்க ஒருவரும் இலர்.

அரசன் அவ்வாறு ஆணையிட்ட வேளை எது என்பதையும் அடிகள் நுட்பமாகக் காட்டுகிறார். ஆடல் மகளிரின் கூத்தில் அரசன் மனம் ஈடுபட்டதென்று ஊடிய தேவி, தலைநோவு என்று கூறி அவையிலிருந்து எழுந்து சென்றுவிட்டாள். அவள் ஊடலைத் தணிக்க விரைந்து செல்கிறான் பாண்டியன். அந்தப்புரத்து வாயிலை அடையும் தறுவாயில் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு வணங்கி, தேவியின் சிலம்பைக் கவர்ந்த கள்வன் தன் சிறுகுடிலில் இருக்கிறான் என்கிறான். காணாமற் போன சிலம்பு கிடைத்துவிட்டால் தேவியின் முகம் மலருமே என்று அரசன் நினைத்திருத்தல் கூடும். நூலில் அவ்வாறு வெளிப்படச் சொல்லப்படவில்லையாயினும், கதையின் போக்கு அவ்வாறு எண்ணத் தூண்டுகிறது. காவலரை அழைத்தான், சிலம்பு அவன் கையில் இருப்பின் கொன்று, அதனைக் கொண்டு வருக என்றான். உள்ளே சென்றான். ஓர் உயிரைப் பற்றிய தீர்ப்புக்கு அவன் ஒதுக்கிய நேரம் வாயிற்படியில் நின்ற நேரமே.

பாண்டியன் கொடியவன் அல்லன். இதனை வற்புறுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனெனில் அவனைக் கொடியவனாக்கிவிட்டால் நாம் எளிதில் தப்பித்துக்கொள்ளலாம். அவன் மனம் அப்போது வேறிடத்தில் இருந்தது, அவ்வளவே. அலுவலகத்துக்குப் புறப்படும் அவசரத்தில் பிள்ளையின் மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட்டுக்கொண்டே அவனைச் சோம்பேறி என்று சொல்லிச் செல்லும் தந்தை எந்த வாயிற்படியில் நிற்கிறார்?

அடுத்து நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. காவலர் கோவலனைக் காண்கின்றனர். கண்டவர்களுள் ஐயம் எழுகிறது. இவனது தோற்றமும் இலக்கணமும் கொலைக்குரியவனுடையன அல்ல என்று கூறுவோர் அங்கே இருந்தனர். பொற்கொல்லன் நகைத்தான். கள்வர்க்குத் துணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு என்று எண்ணிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் சொன்னான். கேட்டோர் மயங்கினர். அதன்பின் ஓர் இளைஞன், மழைக்கால நள்ளிரவில் தான் ஒரு கள்வனை எதிர்ப்பட்டு அவனிடம் வாளைப் பறிகொடுத்த கதையைக் கூறினான். அக்கதைக்கும் கோவலனுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும், கதை முடிந்தபோது முன்னர் எழுந்த ஐயம் அங்கே இல்லை. கல்வியறிவற்ற கள்ளுண்ட காவலன் ஒருவன் வாளை எறிந்தான்.

உண்மையை ஐயுற்றவர் வாயை அடைத்தது பொய்ச்சான்றும் அன்று. கள்வர் பொதுவாக எத்தன்மையர் என்ற சொற்பொழிவே அதனைச் செய்தது. 'இக்காலத்துப் பிள்ளைகளே இப்படித்தான்', 'அந்த ஊர்ச் சம்பந்தமே அப்படித்தான்' என்று தொடங்கும் பேச்சுகள் அப்பொற்கொல்லனின் பரம்பரையைச் சேர்ந்தவை. எதிரே நிற்கும் ஒருவனைக் காணாதபடி ஓர் இனத்தையே கொண்டுவந்து அவன்மேல் போர்த்திவிடுவன.

இதே பாண்டியன் வழக்குரை காதையில் வேறொருவனாகத் தோன்றுகிறான். கண்ணீரும் விரிந்த கூந்தலுமாக ஒரு பெண் வாயிலில் நிற்கிறாள் என்றதும் உள்ளே வரவிடுகிறான். யார் நீ என்று வினவுகிறான். அவள் தன் ஊரையும் குடியையும் கூறியதைக் கேட்கிறான். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோன்மை அன்று என்று தன் பக்கத்தைச் சொல்கிறான். தன் சிலம்பினுள் இருப்பது மாணிக்கம் என்று அவள் கூற, அவள் சொன்னது செவ்விய சொல் என்று ஒப்பி, தங்கள் சிலம்பில் உள்ளது முத்து என்று தானே முன்வந்து உரைக்கிறான். சிலம்பைத் தருவித்து அவள் முன் வைக்கிறான். உடைந்த சிலம்பிலிருந்து மணி தெறித்த கணத்தில், தானே கள்வன் என்று தீர்ப்புக் கூறி வீழ்ந்து உயிர் துறக்கிறான். கேட்கும் ஆற்றல் அவனிடம் முழுமையாக இருந்தது என்பதே இக்காட்சியின் துயரம். அதே வினாவை, 'உள்ளே என்ன இருக்கிறது?' என்பதை, முன்னாள் கடைவீதியில் கேட்டிருந்தால் காப்பியம் அங்கேயே நின்றிருக்கும்.

கோவலனும் இக்குற்றத்துக்குப் புறம்பானவன் அல்லன். கடற்கரையில் மாதவி பாடிய பாட்டில் வேறொருவனை நினைத்த குறிப்பு இருப்பதாகக் கொண்டு, அவளை ஒரு சொல்லும் கேளாமல் எழுந்து போனவன் அவன். அவன் பாட்டில் வேறொருத்தியை நினைத்த குறிப்பு இருப்பதாக அவள் முன்னே கொண்டதன் விளைவே அவள் பாட்டு. வசந்தமாலை கொணர்ந்த முதல் மடலை வாங்கவும் மறுத்தான்; ஆடல் மகளுக்கு எல்லாம் நடிப்பே என்றான். இங்கும் ஓர் இனப் போர்வை! நெடுவழி நடந்து மதுரையை நெருங்கிய பின்னர்தான் கௌசிகன் கொணர்ந்த இரண்டாம் மடலைப் பிரித்துப் படிக்கிறான். தவறு அவளுடையதன்று, தன்னுடையதே என்று உணர்கிறான். படிக்கப்பட்ட அம்மடலையே தன் பெற்றோர்க்கு அனுப்பவும் செய்கிறான். முதல் மடலைப் பிரித்திருந்தால் என்று எண்ணாமல் அப்பகுதியைக் கடந்து செல்ல இயலாது.

இனி நம் அறநூல் மரபுக்கு வருவோம். நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு. சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டகமும், அதன் வழிவந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் அவற்றை விளக்குவதை அனைவரும் அறிவர். எட்டு உறுப்புக்கும் எடுத்துக்காட்டாக எண்மர் கூறப்படுவர். அவற்றுள் அழிந்தாரை நிறுத்தல் என்னும் ஸ்திதிகரணத்துக்கு உரியவன் வாரிஷேணன். இரத்தினகரண்டகத்துக்குப் பிரபாசந்திரர் எழுதிய வடமொழி உரையில் அவன் கதை விரிவாக உள்ளது. அதன் முற்பகுதி மதுரைக் கதையை அப்படியே நினைவூட்டுவது.

மகத நாட்டு இராசகிருகத்தில் சிரேணிக மகாராசனுக்கும் சேலினி மகாதேவிக்கும் பிறந்தவன் வாரிஷேணன். சதுர்த்தசி இரவில் உண்ணாநோன்பு ஏற்று, சுடுகாட்டில் காயோத்சர்க்கமாக நின்றிருந்தான். அன்று பகலில் மகதசுந்தரி என்னும் கணிகை, ஒரு செல்வர் மனைவியின் கழுத்தில் கண்ட முத்தாரம் தனக்கு வேண்டும் என்றும், இன்றேல் உயிர் வாழேன் என்றும் தன் காதலனாகிய வித்யுச்சோரனிடம் கூறிவிட்டாள். அவன் இரவில் அதனைக் கவர்ந்து வந்தான். ஆரத்தின் ஒளி காட்டிக்கொடுக்க, காவலர் துரத்தினர். ஓட இயலாத நிலையில் தியானத்தில் நின்ற வாரிஷேணன் முன் அதனை எறிந்துவிட்டு மறைந்தான். காவலர் அரசனிடம் சென்று, வாரிஷேணனே கள்வன் என்றனர். தந்தையாகிய சிரேணிகன், அம்மூடன் தலையை வெட்டுக என்றான்.

ஊரறியாத வழிப்போக்கன் ஒருவன்மேல் பாண்டியன் அவ்வாறு ஆணையிட்டது ஒருபுறம் இருக்க, பெற்று வளர்த்த மகன்மேல், சதுர்த்தசி தவறாமல் நோன்பிருப்பவன் என்று அறிந்திருந்த மகன்மேல், தந்தை இவ்வாறு ஆணையிட்டான். நெருக்கம் அறிவைத் தருவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. நெருங்கியவர்களைப் பற்றி முன்பே எல்லாம் அறிந்துவிட்டதாக எண்ணுகிறோம். ஆதலின் அவர்களிடம் கேட்பதே இல்லை. நடுவுநிலை தவறாதவன் என்று காட்டிக்கொள்ள விரும்பும் தலைவர்கள் தம் மக்களை விரைந்து தண்டிப்பதும் உலகில் உள்ளது. சிரேணிகன் மனத்தில் இரண்டில் எது இருந்தது என்று கதை கூறவில்லை.

வெட்ட ஓங்கிய வாள் வாரிஷேணன் கழுத்தில் மலர்மாலையாயிற்று. செய்தி கேட்ட அரசன் ஓடிவந்து மகனிடம் மன்னிப்பு வேண்டினான். அபயம் பெற்ற வித்யுச்சோரனும் நிகழ்ந்ததை மறையாது கூறினான். வீட்டுக்கு வருமாறு தந்தை அழைத்தபோது வாரிஷேணன் மறுத்தான், இனிக் கையே கலமாக உண்பேன் என்றான், துறவு பூண்டான். மகனுக்கு அது வீடுபேற்றின் வழி. தந்தைக்கோ, மன்னிப்புக் கிடைத்தும் மகன் வீட்டுக்குத் திரும்பவில்லை. மதுரையில் மலர்மாலையாக மாறாத வாள் இராசகிருகத்தில் மாறியது என்பதே இரு கதைகளுக்கும் உள்ள பெரு வேறுபாடு. நம் இல்லங்களில் சொல்லப்படும் சொற்கள் மதுரை வாளைப் போன்றவை, அவை மாலையாவதில்லை.

கதையின் பிற்பகுதிதான் ஸ்திதிகரணத்துக்கு உரியது. புஷ்பதாலன் என்னும் அமைச்சன் மகன், பிள்ளைப் பருவத்துத் தோழன், வாரிஷேண முனிவர்க்கு உணவளித்துவிட்டுச் சிறிது தொலைவு வழிவிடச் சென்றான். திரும்பிச் செல்ல விடைதருவார் என்று குறிப்புகள் பல காட்டினான். முனிவரோ அவன் கையைப் பற்றி அழைத்துச் சென்று துறவு கொள்ளச் செய்தார். துறந்தும் புஷ்பதாலன் மனம் மனைவியிடத்தே இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் தீர்த்த யாத்திரை செய்து வர்த்தமான சுவாமியின் சமவசரணத்தை அடைந்தபோது, அங்கே தேவர் பாடிய பாட்டொன்றைக் கேட்ட புஷ்பதாலன், அதனைத் தன் மனைவியின் பிரிவுத்துயராகவே பொருள் கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிட்டான். (பாட்டைக் கேட்டுத் தம் மனத்தில் உள்ளதையே அதில் காண்பது கானல்வரிக்கு மட்டும் உரியதன்று போலும்.) வாரிஷேண முனிவர் அவனைக் கடியவில்லை. பன்னிரண்டு ஆண்டுத் தவம் வீணாயிற்றே என்று புலம்பவும் இல்லை. தம் ஊருக்கே அவனை அழைத்துச் சென்றார்.

அரண்மனைக்குத் துறவி திரும்பி வருகிறான். தாய் காண்கிறாள். மகன் நெறியிலிருந்து வழுவிவிட்டானோ என்னும் ஐயம் அவளுக்கு எழுகிறது. எழுந்தது குற்றமன்று, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அரண்மனை வாயிலில் நிற்கும் முனிவரைக் கண்டால் எவர்க்கும் எழும். அவள் செய்தது என்ன? ஆசனங்கள் இரண்டு இடச் செய்தாள். ஒன்று ஆசை நீங்காதவர்க்கு உரியது. மற்றொன்று ஆசை நீங்கியவர்க்கு உரியது. வாரிஷேணர் வீதராக ஆசனத்தில் அமர்ந்தார். அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. பின்னர் அவர் தம் மனைவியர் முப்பத்திருவரையும் அணிகலன்களுடன் வரச்செய்து, இவர்களையும் இளவரசுப் பட்டத்தையும் நீ ஏற்றுக்கொள்க என்று புஷ்பதாலனிடம் கூற, இவ்வளவையும் துறந்தவரோடு பன்னிரண்டு ஆண்டு நடந்தும் ஒருத்தியைத் துறக்க இயலாதுபோன தன் நிலையை அவன் உணர்ந்து நாணினான். உண்மைத் துறவில் நிலைபெற்றான்.

உரை வகுத்தவர் ஸ்திதிகரணத்துக்காக இக்கதையைச் சொன்னார். வாரிஷேணரே அதன் தலைவர். ஆயினும் சேலினியின் செய்கையில் நின்று நோக்கத்தக்கது நிரம்ப உள்ளது. அவள் ஐயத்தை மறைக்கவில்லை; ஐயத்தைத் தீர்ப்பாகவும் ஆக்கவில்லை. ஆசை உடையோர்க்கு உரிய ஓர் ஆசனம் மட்டும் இடப்பட்டிருந்தால் அது பழிப்பு. துறவிக்கு உரியது மட்டும் இடப்பட்டிருந்தால் அது பாசாங்கு. இரண்டும் இருந்தமையால் மகன் தன்னைத் தானே கூறிக்கொள்ள இடம் கிடைத்தது. தந்தை தலையை வெட்டச் சொன்ன அதே அரண்மனையில், தாய் இரண்டு இருக்கைகளை எடுத்துவரச் சொன்னாள்.

நாம் வழக்கமாக எத்தனை ஆசனம் இடுகிறோம்? 'ஏன் கோவிலுக்கு வருவதில்லை? மறந்துவிட்டாயா?' என்று வினவும்போது அதில் ஒன்றுதான் உள்ளது. வினாக்குறி இருப்பதனால் மட்டும் ஒன்று வினாவாகிவிடாது.

சென்னையில் குடியேறிய ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது இது, பெயர் வேண்டா. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து, கணவரை இழந்தபின், மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார் ஒரு தாய். இரவு உண்ணாத நெறியை வாழ்நாள் முழுவதும் பேணியவர். மருமகள் அலுவலகத்திலிருந்து வீடு திரும்ப இரவு ஏழு மணியாகும். ஆகவே காலையிலேயே மாலை உணவையும் சமைத்து, சூடு ஆறாத பாத்திரத்தில் வைத்துவிட்டுச் செல்வாள். சில மாதங்கள் இவ்வாறு நடந்தது. சாதுர்மாசம் தொடங்கியபின் அப்பாத்திரம் திறக்கப்படாமலே இருக்கக் கண்டாள். ஒரு நாள், இரு நாள், பத்து நாள். தன் சமையல் அத்தைக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தாள். கணவனிடம் சொன்னாள். அவன் பொறியியல் படித்தவன். பெரிய பொறுப்பில் இருப்பவன். அம்மாவுக்கு ஊர்ப் பிடிவாதம் என்று ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிட்டான். வீட்டில் பேச்சுக் குறைந்தது.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி, ஒரு மாலைப் பொழுதில் பாட்டியின் அருகே அமர்ந்து, "பசிக்கவில்லையா பாட்டி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறக்காமல் சும்மா இருந்தாள். பாட்டி சிறிது நேரம் கழித்துச் சொன்னார். மருமகள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுவதைத் தாம் பல நாள் கண்டதாகவும், தம் ஒருவர் உணவுக்காக அப்பெண் உறக்கம் கெடுகிறதே என்று வருந்தி, இந்த நான்கு மாதமும் ஒருவேளை உணவே கொள்வதென்று மனத்துள் விரதம் ஏற்றுக்கொண்டதாகவும் சொன்னார். வெளியே சொன்னால் மருமகள் மனம் நோகும் என்று சொல்லவில்லையாம். அன்றிரவு செய்தி தாயிடம் சென்றது. அவள் வந்து மாமியார் அருகே தரையில் அமர்ந்தாள். "அத்தை, நான் நாலு மணிக்கு எழுவது வெளிநாட்டு அலுவலகத்தாரோடு பேசுவதற்கு. சமையலை ஐந்தரைக்குமேல்தான் தொடங்குகிறேன்" என்றாள்.

ஒருவர் பொருட்டு ஒருவர் வருந்திய இரு பெண்கள், இரண்டு மாதம் ஒருவரையொருவர் தவறாக அறிந்துகொண்டு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். இருவர் உள்ளத்திலும் தீமை இல்லை. அன்பு இருந்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும் என்பது உண்மையன்று. அன்பு மிக்க இடத்தில்தான் வினவாமல் விடுவது மிகுதி. இனி அம்மகனுக்கு ஒரு சொல். பேத்தி கேட்ட வினாவைக் கேட்க அவனுக்கு எந்தக் கல்வியும் தடையாக இருந்திருக்காது. அவன் அம்மாவை அறிந்தவன் என்ற எண்ணமே தடையாக இருந்தது. சிரேணிகனுக்கு நேர்ந்ததும் அதுவே.

அநேகாந்தத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் யானையைத் தடவிய குருடர் கதை தவறாமல் இடம்பெறும். நல்ல கதைதான். ஆனால் அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கதையைச் சொல்பவர் ஒருபோதும் தம்மைக் குருடருள் ஒருவராக எண்ணுவதில்லை. யானையை முழுதும் கண்டு நகைக்கும் கண்ணுடையாரின் இடத்தில் நின்றே சொல்வார். கேவல ஞானம் எய்தாத அனைவரும் தடவிக்கொண்டிருப்பவரே என்பதை நம் ஆகமம் ஒளிவின்றிக் கூறும்போது, அந்த நகைப்புக்கு இடம் ஏது? 'ஸ்யாத்' என்னும் சொல்லைச் சிலர் 'இருக்கலாம்' என்று பெயர்த்து, சைனர்க்கு எதிலும் உறுதியில்லை என்பர். அது பிழை. ஒரு நோக்கால் இது உறுதியாக இவ்வாறு உள்ளது, நோக்கு வேறாயின் வேறாகவும் உள்ளது என்பதே அதன் கருத்து. எதிரில் இருப்பவர் எந்நோக்கில் நின்று சொல்கிறார் என்று அறியாதவரையில் அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று கூறவே நமக்கு உரிமை இல்லை.

நம் முன்னோர் வாதத்தில் மென்மையானவர்கள் என்று இதனால் கொள்ளவேண்டா. நீலகேசியைப் படித்தோர் அவ்வாறு சொல்லார். ஆயினும் அந்நூலில் எதிர்த்தரப்பின் கொள்கை முதலில் எடுத்துரைக்கப்படுகிறது. மறுப்பு அதன் பின்னரே வருகிறது. பௌத்த நூலாகிய குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைத்திலது. அதன் வாதங்களைப் பற்றி இன்று ஓரளவேனும் தெரிவதற்கு, அதனை மறுக்க எழுந்த நீலகேசியும் அதன் சமயதிவாகர உரையும் துணையாகின்றன. அவ்விரண்டையும் 1936இல் அச்சேற்றி அளித்தவர் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார். மறுப்பவன் நூலிலேயே மறுக்கப்பட்டவன் குரல் எஞ்சியிருப்பது சிறிய செய்தியன்று.

பிறர் நம்மைக் கேட்டதும் உண்டு. சைவ மடத்தில் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880இல் கும்பகோணம் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தபின், சேலம் இராமசுவாமி முதலியாரின் தூண்டுதலால் சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். சமயச் செய்திகள் விளங்கவில்லை. கும்பகோணத்துச் சைனர் இல்லங்களைத் தேடிச் சென்றார். சிந்தாமணி படனம் நிறைவுற்றதற்காக விழாக் கொண்டாடும் குடும்பம் ஒன்றை அங்கே கண்டு வியந்தார். அவர்களிடம் அமர்ந்து கேட்டுக் கேட்டு ஐயம் தெளிந்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. தாம் அறியாததை அறியாததாக ஒப்புக்கொண்டு, அறிந்தார் வீட்டு வாயிலில் போய் நின்ற புலவர் அவர்.

இறுதியாக, நம்மவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறர் பிழையை இவ்வளவு நேரம் எண்ணியபின் அதனை விட்டுச் செல்வது நேர்மையாகாது. சிலப்பதிகாரத்தில் நாம் பெருமையோடு சுட்டும் பாத்திரம் கவுந்தியடிகள். கையில் மயிற்பீலியும் உறியும் பிச்சைப் பாத்திரமும் கொண்டு, வழியில் சிற்றுயிர்க்கு ஊறு நேராவண்ணம் நடக்கவேண்டும் என்று கோவலன் கண்ணகிக்கு அறிவுறுத்தி மதுரைக்கு உடன் சென்றவர். சோழநாட்டில் காவிரியை ஓடத்தில் கடந்து தென்கரைச் சோலை ஒன்றில் மூவரும் தங்கியிருக்கையில், பரத்தை ஒருத்தியும் வீண்பேச்சாளன் ஒருவனும் அங்கே வந்தனர். காமனும் தேவியும் போன்ற இவர்கள் யார் என்று அடிகளை வினவினர். தம் மக்கள் என்றும், வழிநடந்து வருந்தியவர்கள், விலகிச் செல்லுங்கள் என்றும் அடிகள் விடையிறுத்தார். அவ்விருவரும், ஒரு வயிற்றில் பிறந்தோர் கணவன் மனைவியாய் வாழ்வது நூல்களில் உண்டோ என்று கேட்டனர். கண்ணகி செவி பொத்தி நடுங்கினாள். அடிகள் சினந்து, முள்காட்டு நரியாகுக என்று சபித்தார். அவர்கள் நரியாயினர்.

கேட்டது இழிந்த சொல்லே, ஐயமில்லை. ஆயினும் தமிழாசிரியர் எவரும் இவ்விடத்தில் சற்றுத் தயங்குவர். 'மக்கள்' என்று அடிகள் அருளால் சொன்னதை அவர்கள் பிறப்பால் பொருள் கொண்டனர். பாதிப் பிழை சொல்லிலேயே இருந்தது. 'இவர்கள் வணிகர் குலத்துக் கணவன் மனைவியர். மக்களைப்போல் அழைத்து வருகிறேன்' என்று ஒரு தொடர் கூடுதலாகச் சொல்ல அங்கே பொழுது இருந்தது. சிற்றுயிர் மிதிபடாமல் அடியெடுத்து வைத்தவர், பாஷா சமிதி பூண்டவர், இரண்டு மனித உயிர்களை ஒரு மூச்சில் விலங்காக்கிவிட்டார்.

அவர்களுக்காக இரங்கியது யார்? இழிசொல் கேட்ட இருவருமே. நரிகளின் ஊளை கேட்டுக் கோவலனும் கண்ணகியும் அஞ்சினர். நெறி நீங்கியோர் நீங்கிய சொற்களைக் கூறினால் அது அறியாமை என்று கொள்ளத்தகாதா, இவர்கள் மீளும் காலத்தை உரைத்தருள வேண்டும் என்று அடிகளைப் பணிந்து வேண்டினர். அடிகள் கேட்டார். பன்னிரண்டு திங்கள் உறையூர் மதிற்புறத்துக் காட்டில் திரிந்து பின் முன்னை உருவம் பெறுவர் என்று சாபத்துக்கு எல்லை வகுத்தார். இல்லறத்தார் இருவர் துறவிக்குப் பொறையை நினைவூட்ட, துறவி அதனை ஏற்ற இடம் அது. சமண முனிவராகிய ஆசிரியர் இதனை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதை நாம் மறைத்துப் படிக்கவேண்டியதில்லை.

வஞ்சிக் காண்டத்தில், கங்கையின் தென்கரைப் பாசறையில் சேரன் செங்குட்டுவன் கேட்க, மாடல மறையோன் மதுரையில் பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூறுகிறான். அடைக்கலமாக ஏற்ற கோவலன் இறந்தான் என்று கேட்டு மாதரி தீப்புகுந்தாள். கவுந்தியடிகளுக்கும் சீற்றம் எழுந்தது. பாண்டியன் தன் உயிரையே கொடுத்துவிட்டான் என்ற செய்தி அச்சீற்றத்தைத் தாங்கிற்று என்கிறார் கவி. அவ்விடத்தில் அடிகளைப் பொறை நிரம்பியவர் என்னும் பொருள்படும் பெயராலேயே சுட்டுகிறார். இவர்களது வினை என்னோடு வந்து பயன்பட்டதோ என்று அடிகள் தம்மையே வினவிக்கொண்டார். உண்ணாநோன்பு ஏற்று உயிர் துறந்தார். பொற்கொல்லரையோ காவலரையோ மதுரை மாந்தரையோ அவர் சபித்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை.